என்.ஆர். மாதவ மேனன் என்ற சட்ட ஆசிரியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும், ஆசிரியர் பணிக்கு வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஒரு சட்டப் பேராசிரியர் வாழ்நாளெல்லாம் என்னதான் செய்கிறார் என்பதற்கு இந்தியாவில் மாதவ மேனனின் வாழ்க்கையைவிடத் தெளிவான பதிலை நான் அறியவில்லை. அதனால் அவரை நடுவில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

மாதவ மேனன் யார்?

நீலகண்ட ராமகிருஷ்ண மாதவ மேனன் 1935 மே 4 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தவர். 2019 மே 8 அன்று அதே ஊரில் காலமானார். பெங்களூரில் உள்ள இந்திய தேசிய சட்டப் பள்ளியின் (பெயரில் பள்ளி என்றாலும் அது பல்கலைக்கழகம்தான்) நிறுவன இயக்குநர். இன்று நாட்டில் 20-க்கும் மேற்பட்ட தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் முன்மாதிரி அந்தப் பெங்களூர்ப் பள்ளிதான். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேரும் ஒவ்வொரு மாணவரும், அவர் பெயரைக் கேள்விப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் முன்னின்று போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

அவர் வழக்கறிஞராக இருந்தாரா, நேராக ஆசிரியராகிவிட்டாரா?

முதலில் கறுப்புக் கோட்டுதான். அறிவியல் பட்டம், பிறகு சட்டப் பட்டம், 1956-இல் வழக்கறிஞராகப் பதிவு. அப்போது அவருக்கு 21 வயது. ஆனால் நீதிமன்றத்தில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை. மத்திய அரசுப் பணித் தேர்வில் வென்று டெல்லி தலைமைச் செயலகத்துக்குப் போனார். அன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. அந்த நாற்காலியை உதறிவிட்டு, அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பும் முனைவர் பட்டமும் முடித்து ஆசிரியரானார்.

நல்ல வக்கீல் என்றால் மதிப்பு, வருமானம் இரண்டும் உண்டு. அரசு அதிகாரிக்கு ஓய்வூதியம் உண்டு. சட்ட ஆசிரியர் என்றாலோ, "பிராக்டிஸ் சரியாக அமையவில்லை போலிருக்கிறது" என்று ஊரார் பேசிய காலம் அது. எல்லாம் தெரிந்தே அவர் அந்த வேலையைத் தேர்ந்தெடுத்தார். அவரைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதையில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முக்கியப் பணி எது?

1960-களில் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். அந்தச் சமயத்தில் டெல்லி சட்டத் துறை பழைய முறையை மாற்றிக்கொண்டிருந்தது. ஆசிரியர் குறிப்பைப் படிக்க மாணவர் எழுதிக்கொள்ளும் வழக்கம் போய், தீர்ப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு விவாதிக்கும் வகுப்பு வந்தது. மேனன் இன்னொரு படி மேலே போனார். மாணவர்களைச் சட்ட உதவிப் பணிக்கு அழைத்துச் சென்றார். வக்கீல் வைக்கப் பணமில்லாதவரிடம் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, எழுதி, எந்த அலுவலகத்துக்கு எந்த மனுவைக் கொடுப்பது என்று கண்டுபிடிப்பதும் பாடம்தான் என்றார்.

அரசியலமைப்பில் இலவச சட்ட உதவி பற்றிய 39-ஏ பிரிவு நுழைந்ததே 1976-இல்தான். சட்டப் பணிகள் ஆணையங்களுக்கான சட்டம் 1987-இல் இயற்றப்பட்டு, 1995 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அரசு இயந்திரம் அசைவதற்கு முன்பே சட்டக் கல்லூரிக்குள் அந்தப் பணி தொடங்கியிருந்தது என்பதை இந்த ஆண்டுகளை வைத்துப் பாருங்கள்.

மருத்துவ மாணவர் நோயாளியைத் தொடாமல் மருத்துவராக முடியாது. சட்ட மாணவர் மட்டும் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்காமலே பட்டம் வாங்கிவிடலாம் என்றிருந்த நிலையை மாற்றுவதே அவருடைய வாழ்நாள் வேலையாக இருந்தது. இதைக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்களுக்காக 1998-இல் ஒரு கையேடும் தொகுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1997-இல், மனு வரைதல், தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு (வழக்காடாமல் தகராறைத் தீர்ப்பது), மாதிரி நீதிமன்றம் ஆகிய செய்முறைத் தாள்களை எல்லாச் சட்டக் கல்லூரிகளுக்கும், வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சில் கட்டாயமாக்கியது. பல கல்லூரிகளில் அந்தத் தாள்கள் இன்றைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகின்றன. மாணவர்களுக்கு இழைக்கப்படும் அநியாயம் என்றே இதைச் சொல்வேன்.

புதுச்சேரிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. டெல்லியிலிருந்து அயல்பணியில் வந்து புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். டாக்டர் அம்பேத்கர் பெயரில் இப்போது இயங்கும் கல்லூரிதான் அது. அங்கே அவரிடம் படித்தவர்கள் வழியாகத் தமிழ் மண்ணிலும் அவருக்கு மாணவர் பரம்பரை இருக்கிறது.

பெங்களூர் சட்டப் பள்ளிக்குத் தேவை எங்கிருந்து வந்தது? அதற்கு முன்பும் சட்டக் கல்லூரிகள் இருந்தனவே?

நிறையவே இருந்தன. சென்னை சட்டக் கல்லூரி 1891-இல் தொடங்கியது. குறை எண்ணிக்கையில் இல்லை. ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை இருக்கட்டுமே என்று மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தவர்கள் ஏராளம். பல ஊர்களில் வகுப்பு காலையிலோ மாலையிலோ மட்டும் நடக்கும். பாடம் நடத்துபவர் நீதிமன்ற வேலை முடிந்து வரும் வக்கீல். அன்று வழக்கு நீண்டுவிட்டால் வகுப்பு இல்லை. மாணவரும் பகலில் எங்கோ வேலை பார்ப்பவர். யாருக்குமே அது முழுநேரக் காரியமாக இல்லை.

இதை மாற்ற வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் 1980-களின் தொடக்கத்தில் முடிவெடுத்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்ற திட்டம் அப்போது உருவானது. ஆனால் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் வேலை நடக்காது, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நடத்திக் காட்ட ஒரு பள்ளி வேண்டும் என்பது தெளிவாயிற்று. கர்நாடக அரசு இடம் கொடுக்க முன்வந்தது. 1986-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இயக்குநர் பொறுப்பு மேனனுக்கு வந்தது. 1988-இல் வகுப்புகள் தொடங்கின. சொந்தக் கட்டடம் இல்லை. சென்ட்ரல் கல்லூரி வளாகத்தில் இடம் வாங்கித்தான் முதல் மாணவர்கள் படித்தார்கள். நாகரபாவி வளாகம் பிறகு வந்தது. முதல் அணி 1993-இல் பட்டம் பெற்றது.

நிர்வாகத்தில் அவர்கள் செய்த ஒரு காரியம் பெரிதும் பேசப்படுவதில்லை. பள்ளியின் வேந்தர் இந்தியத் தலைமை நீதிபதி. வழக்கமான மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆளுநருக்கும் அரசுக்கும் நடுவே துணைவேந்தர் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு, இந்த ஏற்பாடு கொடுத்த சுதந்திரத்தின் அருமை புரியும்.

அங்கே வகுப்பு எப்படி நடந்தது? என்ன வித்தியாசம்?

ஆண்டுக்கு மூன்று பருவங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவர் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, ஆசிரியர் முன் நின்று அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வரலாறு, பொருளாதாரம், சமூகவியல் எல்லாம் சட்டத்தோடு சேர்ந்தே நடக்கும். விடுமுறையில் வழக்கறிஞர்களிடமும் தொண்டு அமைப்புகளிடமும் பயிற்சி. பள்ளி வளாகத்திலேயே தங்கிப் படிப்பு.

பட்டியலைவிட ஒரு தீர்ப்பை எடுத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 1978-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்துவிட்டது. தொகையைத் தீர்மானிக்கும் பொறுப்பு கீழே போனபோது, 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். அவருடைய சகோதரர் ஜாமீன்தாரராக வந்து நின்றார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) அவரை ஏற்க மறுத்துவிட்டார். கொத்தனார் சிறையிலேயே இருந்தார்.

பழைய வகுப்பில் இது ஒரே வரி: "ஜாமீன் தொகை அளவுக்கு மீறியதாக இருக்கக் கூடாது." எழுதிக்கொண்டு போய்த் தேர்வில் எழுதலாம். புதிய வகுப்பில் ஆசிரியர் கேட்கத் தொடங்குவார். அன்றைக்கு ஒரு கொத்தனாரின் தினக்கூலி எவ்வளவு இருக்கும்? 10,000 ரூபாய் என்பது அவருக்கு எத்தனை ஆண்டு உழைப்பு? சொத்து அதே மாவட்டத்தில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். இல்லை என்றால் நடுவர் எந்த அதிகாரத்தில் மறுத்தார்? தமிழரோ மலையாளியோ தொலைதூரத்து பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். கடைசியில் 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னது நீதிமன்றம். இனி மாணவருக்குக் கடைசிக் கேள்வி: அந்த நடுவரின் முன் அன்று நீங்கள் நின்றிருந்தால் என்ன மனு போட்டிருப்பீர்கள்? வரைந்து கொண்டு வாருங்கள்.

இப்படி நடத்த ஆசிரியர் முந்தைய இரவே தீர்ப்பு முழுவதையும் படித்திருக்க வேண்டும். மாணவர் எதிர்க்கேள்வி கேட்டால் தாங்க வேண்டும். ஒரு வாய்தாவுக்கும் இன்னொரு வாய்தாவுக்கும் நடுவில் ஓடி வந்து எடுக்கும் வகுப்பில் இது நடக்காது. முழுநேர ஆசிரியர் வேண்டும் என்று மேனன் விடாப்பிடியாக நின்றதற்குக் காரணம் இதுதான்.

பெங்களூருக்குப் பிறகு என்ன செய்தார்?

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1998-இல் பெங்களூரை விட்டுக் கொல்கத்தா சென்றார். அங்கே மேற்கு வங்க தேசிய நீதி அறிவியல் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். மறுபடியும் சுழியத்திலிருந்து. 2003-இல் போபாலில் உள்ள தேசிய நீதித்துறைக் கழகத்தின் நிறுவன இயக்குநரானார். 2006 வரை அங்கே இருந்தார். அங்கே மாணவர்கள் பதவியில் இருக்கும் நீதிபதிகள். நீதிபதிக்கும் பாடம் உண்டு என்பதை அவர்கள் மனம் கோணாமல் ஏற்கச் செய்வது லேசான காரியமில்லை.

கடைசிக் காலத்தில் சொந்த ஊருக்குத் திரும்பி, வழக்கறிஞர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்தைத் திருவனந்தபுரத்தில் நடத்தினார். முதலில் மாணவர், பிறகு நீதிபதி, பிறகு வழக்கறிஞர்: மூவருக்கும் ஆசிரியராக இருந்தவர் என்று வேறு யாரையும் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

அரசு விளம்பரங்களில் தலைவர்கள் படம் பற்றிய தீர்ப்புக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

பலருக்குத் தெரியாத செய்தி இது. ஆளுங்கட்சிகள் மக்கள் பணத்தில் தங்களுக்கே விளம்பரம் செய்துகொள்வதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2014 ஏப்ரலில் நீதிமன்றம் மூவர் குழு ஒன்றை அமைத்தது. அதில் மேனன் இருந்தார். அரசு விளம்பரம் அரசின் கடமையோடு தொடர்புடையதாகவும், நடுநிலையாகவும், ஆளுங்கட்சியின் நலனை வளர்க்காததாகவும் இருக்க வேண்டும் என்பது குழு வகுத்த நெறிகளின் சாரம். அதைப் பெரிதும் ஏற்ற நீதிமன்றம், படங்கள் விஷயத்தில் இன்னும் கடுமையாகவே போயிற்று. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி ஆகியோர் படங்களை மட்டும் வெளியிடலாம் என்று 2015 மே 13 அன்று தீர்ப்பளித்தது. மத்திய அரசும் சில மாநில அரசுகளும் மறுஆய்வு கேட்டன. 2016 மார்ச்சில் ஆளுநர், முதலமைச்சர், துறை அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது.

காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் முழுப்பக்கத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்தால், அந்த நெறிகளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம். குழு சொன்னதுதான் சரி என்பது என் கருத்து.

அவர் பெயரில் விமர்சனங்களே இல்லையா?

இருக்கின்றன. நியாயமானவையும் உண்டு. குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்த நீதிபதி மலிமத் தலைமையில் அமைந்த குழுவில் அவர் உறுப்பினர். 2003-இல் வந்த அதன் அறிக்கை, சந்தேகத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்ற அளவுகோலைத் தளர்த்தவும், காவல்துறை உயரதிகாரி முன் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் பரிந்துரைத்தது. மனித உரிமை இயக்கங்கள் கடுமையாக எதிர்த்தன. எதிர்த்தது சரியே. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காத கொத்தனாருக்காக மாணவர்களைத் தயார் செய்த ஆசிரியர், காவல் நிலையத்து வாக்குமூலத்துக்கு எடை கூட்டும் அறிக்கையில் கையெழுத்திட்டதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. பாதிக்கப்பட்டவர் நீதி பெறாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதைத் தாங்காமல்தான் அந்த யோசனை பிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேசிய சட்டப் பள்ளிகள் வசதி படைத்தவர்களுக்கானவையாகிவிட்டன என்கிறார்களே?

உண்மை. ஆண்டுக்குச் சில லட்சம் ரூபாய் கட்டணம். 2008 முதல் நடக்கும் கிளாட் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. அதற்கான பயிற்சி நிலையங்களோ பெருநகரங்களில். தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இந்த மூன்றும் மூன்று சுவர்கள். படித்து வெளியே வருபவர்களில் பெரும் பகுதியினர் நிறுவனங்களுக்குப் பணியாற்றும் சட்ட நிலையங்களுக்குப் போகிறார்கள். தாலுகா நீதிமன்றத்துக்கு வருபவர் அரிது. கல்விக் கடன் வாங்கிய இருபத்து மூன்று வயதுப் பிள்ளையை இதற்குக் குறை சொல்ல மாட்டேன். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் மாதக் கடைசியில் கையில் என்ன இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

மேனன் தொடங்கியதில் பாதி வென்றது: படிப்பின் தரம் உயர்ந்தது. யாருக்காக அந்தத் தரம் என்ற மறுபாதி நிலுவையில் நிற்கிறது. அதைக் கையில் எடுத்தவர்களில் ஒருவர் ஷம்னாத் பஷீர். பெங்களூர்ப் பள்ளியில் படித்து, மேனன் தொடங்கிய கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, பயிற்சி கொடுத்து, தேசிய சட்டப் பள்ளிகளில் சேர்க்கும் இயக்கத்தை 2010-இல் தொடங்கினார். மேனன் மறைந்த அதே 2019-இல் அவரும் இளம் வயதிலேயே காலமானார். இயக்கம் தொடர்கிறது.

விருதுகள்?

2003-இல் பத்மஸ்ரீ. மறைவுக்குப் பின் 2020-இல் பத்மபூஷண்.

சட்டப் பேராசிரியர் நீதிமன்றத்தில் வாதாடலாமா?

முழுநேரச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் வழக்கறிஞர் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சில் விதி தடுக்கிறது. ஆனால் தொழில் செய்யும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979-ஆம் ஆண்டு விதிகள் அனுமதிக்கின்றன. முழுநேர ஆசிரியருக்கும் கட்டுப்பாட்டுடன் வாதாடும் உரிமை தர வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. சட்ட உதவி வழக்குகளுக்கு மட்டுமாவது தரலாம் என்று நினைக்கிறேன். மாணவர்கள் தங்கள் ஆசிரியரை நீதிமன்றத்தில் பார்ப்பதற்கு ஈடான பாடம் கிடையாது.

பேராசிரியர் நீதிபதியாகலாமா?

உச்ச நீதிமன்றத்தில் ஆகலாம். அரசியலமைப்பின் 124-ஆவது பிரிவு, உயர் நீதிமன்ற நீதிபதியாக ஐந்தாண்டுகளோ வழக்கறிஞராகப் பத்தாண்டுகளோ இருந்தவர்களோடு, குடியரசுத் தலைவரின் கருத்தில் சிறந்த சட்ட அறிஞராக விளங்குபவரையும் நியமிக்கலாம் என்கிறது. அந்த வழியில் இதுவரை ஒருவர்கூட நியமிக்கப்படவில்லை. மேனன் காலத்தில் நடந்திருக்க வேண்டிய காரியம்.

சட்ட ஆசிரியராக நான் என்ன படிக்க வேண்டும்?

சட்டப் பட்டம், அதன்பின் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் முதுநிலை சட்டம். அதோடு 'நெட்' அல்லது மாநில அளவிலான 'செட்' தகுதித் தேர்வு. உதவிப் பேராசிரியராக இது போதும். பேராசிரியராக உயர முனைவர் பட்டமும் பத்தாண்டு அனுபவமும் ஆய்வு வெளியீடுகளும் தேவை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு மதிப்பெண்ணில் தளர்வு உண்டு. அறிவிக்கையைக் கவனமாகப் படியுங்கள்.

முதுநிலை முடித்த கையோடு வகுப்பறைக்குப் போகாமல், இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதேனும் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்துவிட்டு வாருங்கள் என்பேன். வக்காலத்து போடத் தெரியாத ஆசிரியரை மாணவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆய்வுத் தலைப்பையும் அங்கேயே தேடலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தின் வெளியே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, யார் வருகிறார்கள், என்ன காகிதம் கொண்டு வருகிறார்கள், எந்தக் காகிதம் இல்லாமல் திரும்பிப் போகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். தலைப்பு தானே வரும்.